தீப்புண் ஆறிய பிறகு: குழந்தைகளுக்கான சீரமைப்பு அறுவை சிகிச்சை பற்றிப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பார், குளியலறையில் வைத்த வெந்நீர், தீபாவளிப் புஸ்வாணம் என எதனால் நேர்ந்திருந்தாலும், ஆழமான தீக்காயம் ஆறி வீட்டுக்கு வரும் குழந்தையைப் பார்த்து, மோசமான கட்டம் முடிந்துவிட்டது என்றே பெற்றோர் பெரும்பாலும் நினைக்கிறார்கள். உயிரைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் புண் மூடிய சில வாரங்களிலேயே தழும்பு தடித்துச் சிவந்து சுருங்கத் தொடங்குகிறது. கழுத்தில் இருந்தால் தாடையை நெஞ்சை நோக்கி இழுக்கும். அக்குளில் இருந்தால் கையைத் தூக்கவிடாது. உள்ளங்கையில் இருந்தால் விரல்களை மடக்கியே வைத்துவிடும். மருத்துவமனைகளில் ‘கான்ட்ராக்சர்’ என்று சொல்லப்படும் இந்த இறுக்கத்தை நீக்குவதுதான் குழந்தைகளுக்குச் செய்யப்படும் சீரமைப்பு அறுவை சிகிச்சைகளில் பெரும்பகுதி.

அந்த அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அது நிலைக்குமா என்பதை முடிவு செய்வதோ அதற்கு முன்னும் பின்னும் வீட்டில் கழியும் மாதங்கள். ஆகவே இந்த வழிகாட்டி அறுவை அரங்கைவிட வீட்டைப் பற்றியே அதிகம் பேசுகிறது. மருத்துவமனைகள், அரசுத் திட்டங்கள் பற்றிய செய்திகள் தமிழ்நாட்டுக் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

முதல் படி: தழும்பு எப்படி நடந்துகொள்ளும் என்று அறிதல்

இரண்டு வாரத்துக்குள் தானாக ஆறிய புண் பெரும்பாலும் நிற மாற்றத்தோடு நின்றுவிடும். மூன்று வாரத்துக்கு மேல் இழுத்த புண்தான் தடித்த தழும்பாக மாறும் வாய்ப்பு அதிகம். தொடக்கத்திலேயே தோல் ஒட்டுவைக்கப்பட்ட இடங்களின் ஓரங்களிலும் இதே தடிப்பு வரும். முதல் ஆறு மாதங்களில் தழும்பு நாளுக்கு நாள் மோசமாவதுபோல் தோன்றுவது இயல்பு. பிறகு ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள், சிலருக்கு இரண்டு ஆண்டு வரையிலும் எடுத்துக்கொண்டு, அது மெல்ல வெளிறி, தட்டையாகி, மென்மையாகும். இதைத் தழும்பு முதிர்தல் என்கிறார்கள். விரலால் அழுத்தி எடுத்ததும் வெளுத்த இடம் உடனே சிவந்துவிட்டால் தழும்பு இன்னும் முதிரவில்லை என்று பொதுவாகக் கொள்ளலாம்.

பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. குழந்தையின் எலும்பு வளர்கிறது; தழும்போ அதற்கு ஈடுகொடுத்து நீளுவதில்லை. மூன்று வயதில் முழுமையாக நீட்ட முடிந்த விரல் ஏழு வயதில் பாதி மடங்கி நின்றால், முன்பு செய்த சிகிச்சை தவறு என்று பொருளில்லை. விரல் வளர்ந்துவிட்டது, தோல் வளரவில்லை என்பதே பொருள். ஒரே அறுவை சிகிச்சையில் எல்லாம் முடிந்துவிடும் என்று எவரேனும் உறுதி சொன்னால், அந்த உறுதியை நம்பாமல் இருப்பது நல்லது.

இரண்டாம் படி: அறுவைக்கு முந்தைய மாதங்களை வீணாக்காமல் இருத்தல்

வலிக்கும் குழந்தை தனக்கு இதமான நிலையிலேயே படுத்துக்கொள்ளும்: கழுத்தைக் குனித்து, கையை உடலோடு ஒட்டி, முழங்காலை மடக்கி. இதமான அந்த நிலைதான் இறுக்கத்தின் நிலையும். ஆகவே எதிர்த்திசையில் வைத்துப் பழக்க வேண்டும். கழுத்தின் முன்புறம் வெந்த குழந்தைக்குத் தலையணை கூடாது; தோளுக்கடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்தால் கழுத்து பின்னோக்கி நீளும். அக்குள் வெந்திருந்தால் கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு விரித்து வைக்க வேண்டும். முழங்கையும் முழங்காலும் நீட்டியபடி, கணுக்கால் செங்கோணத்தில் இருக்க வேண்டும். கையில் மட்டும் கவனம் கூடுதலாகத் தேவை. புறங்கை வெந்திருந்தால் மணிக்கட்டைச் சற்று மேல்நோக்கி, விரல்களின் அடிமூட்டை மடக்கி, மற்ற இரு மூட்டுகளை நேராக வைக்கும் ஸ்ப்ளின்ட் (மூட்டை ஒரே நிலையில் பிடித்து வைக்கும் அணைப்பு) தருவார்கள். இஸ்திரிப் பெட்டியையோ தோசைக்கல்லையோ தொட்டு உள்ளங்கை வெந்த குழந்தைக்கு, மாறாக, விரல்கள் முழுவதும் விரிந்து நிற்கும் ஸ்ப்ளின்ட். இரண்டும் ஒன்றுக்கொன்று நேரெதிர் என்பதால், உறவினர் குழந்தைக்குச் செய்ததை வாங்கி மாட்டிவிடுவது கெடுதலே செய்யும்.

ஸ்ப்ளின்ட் பெரும்பாலும் தோற்பது இரவில்தான். குழந்தை அழுகிறது, பாட்டிக்கு மனம் பொறுக்கவில்லை, கழற்றிவிடுகிறார்கள்; காலையில் மீண்டும் மாட்டும்போது விரல் அதே அளவு நீள மறுக்கிறது. குழந்தை தூங்கிய பிறகு மாட்டுவது, வியர்வையை உறிஞ்ச உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைப்பது, எலும்பு மேட்டில் சிவந்த தடம் தெரிந்தால் கழற்றி வீசாமல் பிசியோதெரபிஸ்ட்டிடம் கொண்டுபோய்ச் சரிசெய்து வாங்குவது ஆகிய மூன்றும் பழகிவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் ஒத்துழைக்கிறார்கள்.

தழும்பின் மீது இறுக்கமாகப் போடும் பிரஷர் கார்மென்ட் என்னும் எலாஸ்டிக் உடை நாளொன்றுக்கு 23 மணி நேரம், அதாவது குளியல் தவிர எப்போதும், அணியப்பட வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. அதன் பயனைப் பற்றிய ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆயினும் பெரும்பாலான தீக்காயப் பிரிவுகள் தடித்த தழும்புகளுக்கு இதைப் பரிந்துரைக்கின்றன, அரிப்பு குறைவதாகப் பல குழந்தைகளும் சொல்கின்றன. சித்திரை வெயிலில் இதை அணிவிப்பது எளிதல்ல. இரண்டு செட் வாங்கி ஒன்றைத் துவைத்து ஒன்றை மாட்டலாம். எலாஸ்டிக் தளர்வதாலும் குழந்தை வளர்வதாலும் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய அளவெடுக்க வேண்டும். சிறிய தழும்புகளுக்கு, மேலே ஒட்டிவைக்கும் மெல்லிய சிலிகான் ஜெல் ஷீட் போதும்.

வெந்த தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் அழிந்திருப்பதால் அது வறண்டு, அரித்து, வெடிக்கும். தேங்காய் எண்ணெயோ மருத்துவர் சொன்ன களிம்போ நாளைக்கு மூன்று நான்கு முறை தடவி, தழும்பு வெளுக்கும் அளவு கட்டைவிரலால் அழுத்தி வட்டமாக நீவிவிட வேண்டும். புண் முழுவதும் மூடியிருந்தால் மட்டுமே இதைச் செய்யலாம். அரிப்பால் தூக்கம் கெடும் குழந்தைக்கு மாத்திரை உண்டு. ‘ஆறுகிற புண் அரிக்கத்தான் செய்யும்’ என்று சொல்லித் தாங்கிக்கொள்ளச் செய்வது தேவையற்ற கொடுமை.

மூன்றாம் படி: எப்போது என்று முடிவு செய்தல்

தழும்பு முதிரும்வரை காத்திருந்து அறுவை செய்வது பொது விதி. சிவந்து தடித்த தழும்பை வெட்டினால் புதிய தழும்பும் அதே வேகத்தில் தடிக்கக்கூடும். அதோடு, நீவுதலாலும் ஸ்ப்ளின்ட்டாலும் தானே இளகக்கூடிய இறுக்கத்துக்காகக் குழந்தையை மயக்க மருந்துக்கு உள்ளாக்குவானேன்? இந்த விதிக்கு உட்படாதவை சில உண்டு. அவற்றில் காத்திருப்பதுதான் ஆபத்து.

இமை முதலில் வருகிறது. வெந்த இமை வெளிப்புறமாக இழுபட்டுத் தூக்கத்தில்கூடக் கண் மூடாமல் போனால், கருவிழி வறண்டு புண்ணாகி, பார்வையே பறிபோகலாம். இதற்குத் தழும்பின் வயது பார்ப்பதில்லை. வாய் சுருங்கி உணவு உட்கொள்ள முடியாத நிலை அடுத்தது. தாடை நெஞ்சோடு ஒட்டிய கழுத்தும் அவசரம்தான்: எச்சில் வழிதல், கீழ்த்தாடையின் வளர்ச்சி கெடுதல் ஆகியவற்றோடு, மயக்க மருந்து தருபவருக்கு மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவதே பெரும் சவாலாகிறது. இத்தகைய குழந்தைக்கு, விழித்திருக்கும் நிலையை ஒட்டிய இலேசான மயக்கத்தில் இறுக்கத்தைச் சிறிது விடுவித்த பிறகே முழு மயக்கம் தரும் வழக்கமும் உண்டு. விரல் மூட்டு நழுவத் தொடங்கிய கையையும் ஓராண்டு காக்க வைக்க மாட்டார்கள்.

மார்பில் தீக்காயம் பட்ட பெண் குழந்தையைப் பற்றிப் பல வீடுகளில் கூச்சத்தால் பேசாமல் விடுகிறார்கள். காம்புக்கு அடியில் இருக்கும் மார்பக மொட்டு தப்பியிருந்தால், பருவம் எய்தும் வயதில் அது வளர முயலும். மேலிருக்கும் தழும்பு அதை அழுத்தித் தட்டையாக்கும். வளர்ச்சி தொடங்கும் கட்டத்தில் அந்தத் தழும்பை விடுவித்துத் தோல் ஒட்டுவைத்தால் மார்பகம் ஏறக்குறைய இயல்பாக வளர இடமுண்டு. ஆகவே எட்டு ஒன்பது வயதிலிருந்தே இதை மருத்துவரிடம் சொல்லி, ஆண்டுதோறும் காட்டிவர வேண்டும்.

முகத்தின் தோற்றம், நிறம், தலையில் முடியில்லாத திட்டு ஆகியவற்றை நிதானமாகத் திட்டமிடலாம். பெற்றோரின் மனம் முதலில் முகத்துக்குத்தான் போகும், அது இயற்கை. ஆனால் எழுதவும் சாப்பிடவும் பயன்படும் கையை முதலில் சீர்படுத்த வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், அந்த வரிசைக்குக் காரணம் உண்டு.

நான்காம் படி: எங்கே செல்வது, செலவை எப்படிச் சமாளிப்பது

தேவைப்படுவது பிளாஸ்டிக் சர்ஜன், குழந்தைகளுக்கு மயக்க மருந்து தந்து பழகிய மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் ஆகிய மூவரும் ஓரிடத்தில் இருக்கும் மருத்துவமனை. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு நெடுங்காலமாக அறியப்பட்டது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மருத்துவர் ஆர். வெங்கடசாமி 1970களில் வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைத் துறை, கைகளுக்கெனவே பெயர் பெற்றது. வேலூர் சி.எம்.சி., கோவை கங்கா மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றிலும் இத்துறைகள் உள்ளன. முதல் சந்திப்புக்குப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, தீக்காயம் பட்ட நாளிலிருந்து எடுத்த புகைப்படங்கள், இதுவரை போட்ட ஸ்ப்ளின்ட் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அழகுக்காகச் செய்யப்படுவது என்று கருதப்படும் சிகிச்சைக்குக் காப்பீடு மறுக்கப்படும். உறுப்பின் இயக்கத்தை மீட்பதற்கான சிகிச்சைக்கு அந்தத் தடை எழாது. எனவே மருத்துவரின் கடிதத்தில் ‘தழும்பு நீக்கம்’ என்று மொட்டையாக இல்லாமல், எந்த மூட்டு எத்தனை பாகை நீள மறுக்கிறது, அதனால் குழந்தையால் எதைச் செய்ய முடியவில்லை என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். காப்பீட்டுக் கவுண்டரில் முன் அனுமதி கிடைத்த பிறகே சேர்க்கை நாளை உறுதி செய்யுங்கள். கை அல்லது காலின் செயல்பாடு நிரந்தரமாகக் குறைந்திருந்தால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். பின்னாளில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுதுபவரோ கோருவதற்கு அது உதவும்.

ஐந்தாம் படி: எந்த முறை, ஏன் என்று கேட்டறிதல்

கயிறுபோல் மெலிந்து நிற்கும் தழும்புக்கு இருபுறமும் நல்ல தோல் இருந்தால், ‘இசட் பிளாஸ்டி’ போதும். தழும்பின் மீது இசட் வடிவில் கீறி, உண்டாகும் இரண்டு முக்கோணத் தோல்களை இடம் மாற்றித் தைப்பார்கள். 60 பாகைக் கோணத்தில் கீறினால் கணக்குப்படி 75 விழுக்காடு வரை நீளம் கிடைக்கும். வேறிடத்திலிருந்து தோல் எடுக்கத் தேவையில்லை என்பது இதன் சிறப்பு.

அகலமான தழும்புக்கு இது போதாது. இறுக்கத்தைக் குறுக்கே வெட்டி விடுவித்ததும் உண்டாகும் வெற்றிடம், வெளியிலிருந்து பார்த்து நினைத்ததைவிட மிகப் பெரிதாக இருக்கும்; முதல்முறை பார்க்கும் பெற்றோர் திடுக்கிடுவது இதைக் கண்டுதான். அதை மூடத் தோல் வேண்டும். தொடையிலிருந்து மெல்லிய படலமாகச் சீவி எடுத்தால், எடுத்த இடம் இரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும். ஆனால் ஒட்டிய தோல் பின்னாளில் அதிகம் சுருங்கும். தோலின் முழுத் தடிமனையும் எடுத்து ஒட்டினால் சுருக்கம் குறைவு, நிறமும் அமைப்பும் மேல். ஆனால் எடுத்த இடத்தைத் தைத்து மூட வேண்டியிருப்பதால் சிறிய அளவே கிடைக்கும். ஆகவே இமைக்குக் காதின் பின்புறத் தோலும், விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் பெரும்பாலும் அடிவயிற்றின் ஓரத் தோலும் எடுக்கப்படுகின்றன. அங்கும் ஒரு கவனம் தேவை: பருவம் வந்தபின் முடி முளைக்கும் பகுதியிலிருந்து எடுத்தால் அந்த முடி உள்ளங்கையிலும் முளைக்கும். குழந்தையின் உடலில் அந்த எல்லை இன்னும் தெரியாததால், அனுபவமுள்ளவர்கள் இடுப்பெலும்பை ஒட்டியே எடுப்பார்கள்.

நரம்போ தசைநாரோ எலும்போ வெளியே தெரியும் இடங்களில், தோலையும் அதன் அடித்திசுவையும் இரத்த ஓட்டத்தோடு நகர்த்தி வைக்கும் ‘ஃபிளாப்’ தேவைப்படும். தலையின் முடியற்ற திட்டுக்கு, அருகிலுள்ள நல்ல தோலின் அடியில் சிலிகான் பை ஒன்றை வைத்து, வாரந்தோறும் உப்பு நீர் ஏற்றி, இரண்டு மூன்று மாதங்களில் முடியுள்ள தோலை விரியச் செய்து இழுத்து மூடுகிறார்கள். தலையில் ஒரு பெரிய புடைப்போடு குழந்தை அந்த மாதங்களைக் கழிக்க வேண்டும் என்பதால், பள்ளியின் கோடை விடுமுறையைக் கணக்கிட்டுத் தொடங்குவது நல்லது. லேசர், ஸ்டீராய்டு ஊசி ஆகியவை தடிப்பையும் அரிப்பையும் குறைக்கும். மூட்டைப் பூட்டிய இறுக்கத்தை அவை மட்டுமே திறந்துவிடா.

ஆறாம் படி: குழந்தையைத் தயார் செய்தல்

புண்ணுள்ள குழந்தைக்கு முட்டை, மீன், பருப்பு கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் வைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஒட்டிய தோல் பிடிப்பதற்கும் புண் ஆறுவதற்கும் புரதம்தான் அடிப்படை. அதையே நிறுத்திவிட்டு ஆறவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. நாளொன்றுக்கு இரண்டு முட்டை, அல்லது பருப்பு, சுண்டல், தயிர், நிலக்கடலை எனக் கிடைப்பதைக் கொடுங்கள். இரத்தசோகை இருந்தால் அறுவை நாளைத் தள்ளிவைக்க நேரலாம் என்பதால், ஒரு மாதம் முன்பே ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது நல்லது. சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வயிறு காலியாக இருக்க வேண்டிய நேரத்தை மயக்க மருத்துவர் சொல்வார். திட உணவுக்கும் பசும்பாலுக்கும் ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு, தண்ணீருக்கு இரண்டு என்பது பொதுவான கணக்கு. ‘ஒரே ஒரு பிஸ்கட்’ என்று யாரும் ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

குழந்தையிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். ‘ஊசி வலிக்காது’, ‘கடைக்குப் போகிறோம்’ என்று சொல்லி அழைத்து வந்தால், அடுத்தடுத்த முறைகளில் அது உங்களை நம்பாது. இன்னும் பல முறை வர வேண்டியிருக்கிறதே. தூங்க மருந்து தருவார்கள், எழுந்ததும் கை பெரிய கட்டுக்குள் இருக்கும், தொடையிலும் எரிச்சல் இருக்கும், வலித்தால் சொல், மருந்து உண்டு என்பதே போதும்.

ஏழாம் படி: முதல் மூன்று வாரங்கள்

ஒட்டிய தோலுக்கு முதல் இரண்டு நாட்கள் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. அடியிலிருந்து கசியும் நீரை உறிஞ்சியே உயிர் வாழ்கிறது. பிறகு மெல்ல இரத்தக்குழாய்கள் இணைகின்றன. அந்த நாட்களில் தோல் இம்மியளவு நகர்ந்தாலும், அடியில் இரத்தமோ நீரோ கட்டினாலும் அந்த இடம் பிடிக்காது. பருத்த கட்டும் மாவுக்கட்டும் போடுவது இதற்காகத்தான். பெரும்பாலும் ஐந்தாம் நாளை ஒட்டிக் கட்டைப் பிரிப்பார்கள். உலர்ந்து ஒட்டிய காஸ் துணியை உப்பு நீரில் நன்றாக ஊறவைத்து, ஒரு முனையிலிருந்து படுத்தவாக்கில் மெதுவாக உரிக்கும் செவிலியரின் பொறுமையைப் பொறுத்தே குழந்தையின் அழுகை அமையும். சிறு குழந்தைகளுக்கு இதையே இலேசான மயக்கத்தில் செய்யக் கேட்கலாம். இளஞ்சிவப்பாக, அசையாமல் ஒட்டியிருந்தால் தோல் பிடித்துவிட்டது. கறுத்தோ மஞ்சளித்தோ மிதந்துகொண்டிருக்கும் சிறு பகுதிகள் தானே ஆறிவிடும். பெரிய பகுதி போனால் மீண்டும் ஒட்ட வேண்டும்.

விரல்களை நேராக நிறுத்த உள்ளே மெல்லிய கம்பி செலுத்தியிருப்பார்கள். அதன் முனை விரல் நுனியில் வளைந்து வெளியே தெரியும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் இரண்டு மூன்று வாரத்தில் அதை எளிதாக உருவிவிடலாம். காய்ச்சல், கட்டிலிருந்து துர்நாற்றம், விரல் நுனி நீலம் பாய்தல் அல்லது குளிர்ந்துபோதல் ஆகியவற்றைக் கண்டால் மறுநாள் வரை காத்திருக்காமல் அழைத்து வர வேண்டும்.

எட்டாம் படி: அதன் பிறகான ஆண்டுகள்

ஒட்டிய தோல் சுருங்க முயல்வது அடுத்த ஆறு மாதங்களில்தான். தோல் பிடித்துவிட்டது, இனி என்ன என்று ஸ்ப்ளின்ட்டை மூட்டை கட்டிவிடும் குடும்பங்கள் ஓராண்டுக்குள் பழைய இறுக்கத்தோடு திரும்பி வருவதை எல்லாத் தீக்காயப் பிரிவுகளும் அறியும். இரவு ஸ்ப்ளின்ட்டைக் குறைந்தது மூன்றிலிருந்து ஆறு மாதமும், எண்ணெய் நீவுதலை ஓராண்டும், மூட்டுப் பயிற்சியை அன்றாடமும் தொடர வேண்டும். பயிற்சியை விளையாட்டாக்கலாம்: சப்பாத்தி மாவு பிசைதல் விரல்களுக்கு, சுவரில் விரலால் ஏறிக் கோடு தொடுதல் தோளுக்கு. ஒட்டிய தோல் வெயிலில் விரைவில் கறுக்கும் என்பதால், முதல் ஓராண்டு தொப்பி, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன் தேவை.

வளர்ச்சி முடியும்வரை ஆண்டுக்கொரு முறை காட்டுவது கட்டாயம். உயரம் சடசடவென்று கூடும் பருவத்தில் ஆறு மாதத்துக்கொரு முறை. ஒவ்வொரு பிறந்தநாளிலும் அதே கோணத்தில், அதே நிலையில் கையைப் படமெடுத்து வைத்தால், மெல்ல வரும் இறுக்கம் கண்ணுக்குத் தப்பாது.

பள்ளிக்குத் திரும்பும் முன் பெற்றோர் ஒருவர் வகுப்பாசிரியரைச் சந்தித்து, தழும்பு தொற்றாது, கட்டின் மேல் தண்ணீர் படக்கூடாது, மதிய வெயிலில் விளையாட வேண்டாம் என்பவற்றைச் சொல்லிவிட வேண்டும். ‘என்ன ஆச்சு?’ என்று கேட்கும் பிள்ளைகளுக்குச் சொல்லக் குழந்தையிடம் ஒரு குறுகிய பதில் தயாராக இருக்கட்டும்: ‘சின்ன வயசுல வெந்நீர் கொட்டிடுச்சு, இப்ப சரியாயிட்டு வருது.’ பட்டப்பெயர் வைத்து அழைப்பது தொடர்ந்தாலோ, தூக்கத்தில் அலறல், படுக்கையில் சிறுநீர் கழித்தல், அடுப்பைக் கண்டு நடுங்குதல் ஆகியவை சில வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ மனநல ஆலோசகரிடம் காட்ட வேண்டும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளையிடம், அடுத்த அறுவை சிகிச்சை வேண்டுமா என்று கேட்டே முடிவெடுங்கள். தோற்றத்துக்கான சிகிச்சைகளில் அது வேண்டாம் என்றால் ஒத்திப்போடலாம். இமையும் கையும் அப்படியல்ல.

எல்லா அறுவைக் குறிப்புகளையும் ஒரே கோப்பில் வைத்து, பிள்ளை பெரியவரானதும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். பல பத்தாண்டுகள் கழித்தும், பழைய தழும்பில் புண் தோன்றி மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தால், அது அரிதாகப் புற்றாக மாறியிருக்கலாம் என்பதால் சதைப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்த மருத்துவர் முதலில் கேட்கப்போவது இந்தக் கோப்பைத்தான்.